குளிரும் பொறியும்

தேனி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை மதிலென உயர்ந்து நிற்கின்றது. அதன் அடிவாரத்தில், முல்லையாற்று நீரால் வளம் பெற்ற கம்பம் பள்ளத்தாக்கு, நெல்லும் வாழையும் திராட்சையும் விளைத்துப் பொலிகின்றது. பள்ளத்தாக்கின் தரை கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 300 முதல் 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. சின்னமனூரிலிருந்து மலைச்சாலை வழியே ஏறினால் அடையக்கூடிய மேகமலைத் தேயிலைத் தோட்டங்களோ ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளன. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாற்றுக்குச் செல்லும் சாலையும் இவ்வாறே ஏலத் தோட்டங்களை நோக்கி வளைந்து வளைந்து ஏறுகின்றது. 1,000 மீட்டர் உயர்ந்தால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். ஆதலால் சின்னமனூரில் இதமாக இருக்கும் மார்கழி விடியல், மேகமலையில் உடலை நடுங்கச் செய்வதாக இருக்கும்.

இம்மலைகளில் வாழ்வோர்க்கு மோட்டார் சைக்கிள் இன்பப் பொருளன்று, இன்றியமையாத துணை. நோயுற்ற குழந்தையை விடியுமுன் சின்னமனூருக்குக் கொண்டு செல்ல வேண்டிய தந்தை ஒருவர் இருக்கலாம். தேர்வு எழுதச் செல்லும் மகளைக் குறித்த நேரத்தில் பள்ளியில் சேர்க்க வேண்டிய தாய் ஒருவர் இருக்கலாம். அந்நேரத்தில் வண்டி உயிர் பெறாவிட்டால் மனம் பதைப்பது இயல்பு. பதைத்தவர் கிக்கரை மிதித்துக்கொண்டே இருப்பர். அன்றேல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பர். இரண்டினாலும் கேடு மிகுமேயன்றிக் குறையாது. குளிரில் பொறி ஏன் உறங்குகின்றது என்பதை அறிந்தவரே அதனை எழுப்பும் வழியையும் அறிவர்.

பெட்ரோலால் இயங்கும் பொறிக்கு மூன்று பொருள்கள் தேவை. அவை எரிபொருள், காற்று, தீப்பொறி என்பன. 1876ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய நிக்கோலஸ் ஓட்டோ உருவாக்கிய நான்கு வீச்சுப் பொறியின் முறையிலேயே இக்கால மோட்டார் சைக்கிள்களும் இயங்குகின்றன. முதல் வீச்சில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை சிலிண்டருக்குள் இழுக்கப்படுகின்றது. இரண்டாம் வீச்சில் பிஸ்டன் அதனை நெருக்குகின்றது. நெருக்கம் முடியும் தறுவாயில் ஸ்பார்க் பிளக் தீப்பொறியை எழுப்ப, மூன்றாம் வீச்சில் கலவை எரிந்து பிஸ்டனை உந்துகின்றது. நான்காம் வீச்சில் புகை வெளியேறுகின்றது.

நீர்ம நிலையிலுள்ள பெட்ரோல் எரிவதில்லை. அதன் ஆவியே காற்றுடன் கலந்து எரிகின்றது. எடையளவில் ஏறத்தாழப் பதினைந்து பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் ஆவி இருத்தல் வேண்டும். ஈரத்துணி வெயிலில் விரைந்தும் பனியில் தாமதித்தும் உலர்வதை யாவரும் கண்டிருப்பர். அதுபோலவே பெட்ரோலும் குளிரில் எளிதாக ஆவியாவதில்லை. உள்ளே சென்ற பெட்ரோலில் ஒரு பகுதி, குளிர்ந்த சிலிண்டர்ச் சுவரில் துளிகளாகப் படிந்துவிடும். அதனால் எரிவதற்குரிய ஆவி போதாமற் போகின்றது. இக்குறையை நீக்கவே கார்புரேட்டர் உள்ள வண்டிகளில் சோக் என்னும் அமைப்பு வைக்கப்பட்டுள்ளது. அதனை இழுத்தால் காற்றின் பங்கு குறைந்தோ பெட்ரோலின் பங்கு மிகுந்தோ கலவை செறிவடையும்.

குளிரின் இரண்டாம் செயல் எண்ணெயைத் தடிக்கச் செய்தலாகும். மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைவதை வீட்டில் காணலாம். பொறியெண்ணெய் அவ்வாறு உறைந்துவிடாது எனினும், குழைந்து கெட்டிப்படும். அப்போது பிஸ்டனை அசைக்க மிகுந்த வலிமை வேண்டியிருக்கும். மூன்றாவதாக, பாட்டரியும் குளிரில் சோர்வடைகின்றது. 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளான்டே கண்ட ஈய அமிலப் பாட்டரியில், வேதியியல் மாற்றத்தினாலேயே மின்சாரம் பிறக்கின்றது. வெப்பம் குறையக் குறைய அம்மாற்றமும் மெதுவாகின்றது. ஆகவே எண்ணெய் கெட்டிப்பட்டு மிகுந்த வலிமை தேவைப்படும் அதே வேளையில், அதனைத் தர வேண்டிய பாட்டரி மெலிந்திருக்கின்றது. விடியற்காலைத் தொல்லையின் மூலம் இதுவே.

நோயின் காரணத்தை ஆராயாமல் மருந்து கொடுப்பவன் நல்ல மருத்துவன் ஆகான். பொறியைச் சோதிப்போரும் எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுதல் வேண்டும். முதலில் பெட்ரோல் இருக்கின்றதா, அதன் குழாய் திறந்துள்ளதா, சாவி திருப்பப்பட்டுள்ளதா, பொறியை நிறுத்தும் பொத்தான் உரிய நிலையில் உள்ளதா என்று நோக்க வேண்டும். இவற்றை மறந்து பொறியைப் பிரித்தவர் பலர். பின்னர்ச் சாவியைத் திருப்பாமலே கிக்கரை நான்கைந்து முறை மெல்ல மிதித்தால், கெட்டிப்பட்ட எண்ணெய் சற்றே இளகும். அதன்பின் சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பி, முறுக்குப்பிடியைத் திருகாமல் ஓங்கி மிதிக்க வேண்டும். பொத்தானால் இயக்குவோர் ஒரு முறைக்கு ஐந்து நொடிக்கு மேல் அழுத்தலாகாது. மறுமுறை அழுத்துமுன் பாட்டரிக்குச் சிறிது ஓய்வளிக்க வேண்டும். பொத்தானை அழுத்தியதும் 'டிக்' என்னும் ஓசை மட்டும் எழுந்து முன்விளக்கு மங்குமாயின், பாட்டரி தளர்ந்தது எனக் கொள்ளலாம். கிக்கர் உள்ள வண்டிக்கு அப்போது கிக்கரே துணை. 1955ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற என்பீல்டு இந்தியா நிறுவனம் சென்னையில் உருவாக்கிய புல்லட் வண்டிகள் நெடுங்காலம் கிக்கரையே நம்பியிருந்தன.

பலமுறை மிதித்தும் பயனின்றிப் பெட்ரோல் நாற்றம் வீசுமாயின், சிலிண்டரில் பெட்ரோல் மிகுந்துவிட்டது என அறியலாம். அப்போது சோக்கை உள்ளே தள்ளி, முறுக்குப்பிடியை முழுவதும் திருகிப் பிடித்து, சில முறை மிதித்தால் மிகுந்த பெட்ரோல் வெளியேறும். அதன்பின்னும் எழாவிடில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் முனை பெட்ரோலில் நனைந்திருந்தால் துடைத்து உலர்த்த வேண்டும்; கரி படிந்திருந்தால் நீக்க வேண்டும்; பலமுறை மிதித்தும் முற்றிலும் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை என்பது பொருள்.

தீப்பொறியைச் சோதிக்கும் முறை எளிது. கழற்றிய பிளக்கை அதன் ரப்பர் மூடியிற் பொருத்தி, பிளக்கின் உலோகப் பகுதி பொறியின் உலோகத்தைத் தொடுமாறு வைத்துக் கிக்கரை மிதிக்க வேண்டும். நீல நிறப் பொறி பளிச்சென்று தோன்றினால் குறை பிறிதோரிடத்தில் உள்ளது. மஞ்சளாய் மங்கித் தோன்றினாலோ, தோன்றாமலே போனாலோ, பிளக்கையும் அதன் கம்பியையும் நோக்க வேண்டும். இரவுப் பனியில் நனைந்த கம்பியை உலர்ந்த துணியால் துடைத்தாலே சில வேளைகளில் வண்டி உயிர் பெறும். இச்சோதனையில் பிளக்கின் உலோகத்தைக் கையால் தொடலாகாது. பிளக் இருந்த துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவருமாதலால், தீப்பொறியை அத்துளைக்கு அருகில் எழுப்புதலும் கூடாது.

பாதி வெறுமையாய் உள்ள பெட்ரோல் தொட்டியில், இரவில் காற்றின் ஈரம் குளிர்ந்து நீர்த்துளியாகலாம். நீர் பெட்ரோலைவிடக் கனமானது. ஆதலால் அடியில் தங்கிக் கார்புரேட்டரை அடைகின்றது. கார்புரேட்டரின் அடியிலுள்ள திருகாணியைத் தளர்த்தினால் அந்நீர் வடிந்துவிடும். மாலையிலேயே தொட்டியை நிரப்பி வைத்தல் இத்தொல்லையை வருமுன் காக்கும்.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த ஆறாம் பாரத் புகைக்கட்டுப்பாட்டு விதிகளின்பின், புதிய வண்டிகளிற் பெரும்பாலானவை கார்புரேட்டரைக் கைவிட்டன. அவற்றில் வெப்பத்தை உணரும் கருவி ஒன்று, வேண்டிய பெட்ரோலைத் தானே அளந்து தெளிக்கச் செய்கின்றது. சோக்கை இழுக்கும் வேலை அவற்றில் இல்லை. சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் இரண்டொரு நொடி இரையும்; அவ்வோசை அடங்கியபின் பொத்தானை அழுத்துவதே முறை. பாட்டரி முற்றிலும் ஓய்ந்துவிட்டால் இவ்வண்டிகளைத் தள்ளி இயக்குதலும் அரிது. பம்பு இயங்கவும் மின்சாரம் வேண்டுமன்றோ?

பழைய வண்டியைச் சரிவில் உருட்டி இயக்குவோர் உளர். சமதளத்தை ஒட்டிய நேரான சிறு சரிவில் இது தகும். கொண்டையூசி வளைவுகள் நிறைந்த மலைச்சாலையிலோ இஃது உயிருடன் விளையாடுவதாகும். பொறி எழுந்தபின் அதனை மூடிய கொட்டகைக்குள் ஓடவிடுதலும் பெருந்தீங்கு. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு. அறியாமலே உயிரைக் கவரவல்லது. வண்டியை வெளியே நிறுத்தி, சற்றே சூடேறியதும் சோக்கைத் தள்ளிவிட வேண்டும். மலையுச்சியில் காற்று மெலிந்திருப்பதால் கலவை தானாகவே செறிவடையும். சோக்கும் இழுத்தபடி இருந்தால் பிளக்கில் கரி படிந்து, மறுநாள் விடியலில் அதே தொல்லை வந்து சேரும்.

பொறி எழாததற்குக் காரணம் உறுதியாக இருக்கின்றது. அக்காரணம் எரிபொருள், காற்று, தீப்பொறி, அவற்றை அசைக்கும் வலிமை என்னும் சிலவற்றுள் அடங்குகின்றது. ஒவ்வொன்றாக நோக்கி, குற்றமற்றதை விலக்கிக்கொண்டே செல்பவர் இறுதியில் குற்றமுள்ளதை அடைவர். பனி மூடிய மலையில், உதவிக்கு ஆளில்லாத வேளையில், ஒருவரைக் காப்பது கால் வலிமையன்று, பதற்றமில்லாத அறிவே.