பெயர்ச்சொல்லுக்குள் காணாமல் போகிறவர்கள்

ஆள், இடம், பொருள் இவற்றின் பெயரே பெயர்ச்சொல் என்று ஆங்கில இலக்கணப் பாடநூல்கள் சொல்லி முடித்துவிடும். இந்த வரையறை போதாது. 'அரைவல்', 'டிஸ்ட்ரக்ஷன்', 'கில்லிங்' இதெல்லாம் ஆளுமில்லை, இடமுமில்லை, பொருளுமில்லை. வருவது, அழிப்பது, கொல்வது என்கிற செயல்கள். அப்படியும் அவை பெயர்ச்சொற்கள்தான். எதைக் குறிக்கிறது என்பதைவிட, வாக்கியத்தில் எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்பதே ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் பெயர்ச்சொல்லாக்குகிறது. முன்னால் 'த' சேர்க்கலாம். வினைக்கு முன்னால் எழுவாயாகவும் பின்னால் செயப்படுபொருளாகவும் நிற்கலாம். 'ஆஃப்', 'பை', 'இன்' போன்ற முன்னிடைச் சொற்களுக்குப் பின்னால் வரலாம். 'போலீஸ் ஸ்டேஷன்' என்பதில் 'போலீஸ்' போல இன்னொரு பெயருக்கு அடையாகவும் நிற்கலாம்.

இங்கே இடம் ஏன் இவ்வளவு முக்கியம்? தமிழில் 'நாயை மனிதன் கடித்தான்' என்றாலும் 'மனிதன் நாயைக் கடித்தான்' என்றாலும் கடித்தவன் மாறுவதில்லை. வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொண்டே போகிறது. ஆங்கிலப் பெயர்கள் பழைய ஆங்கிலத்தில் தமக்கிருந்த உருபுகளில் பெரும்பாலானவற்றை இழந்துவிட்டன. 'டாக் பைட்ஸ் மேன்' என்பதில் பெயர்களை இடம் மாற்றிப் போடுங்கள், கடித்தவனே மாறிப்போகிறான். எழுவாய் இடத்தில் யாரை வைப்பது என்பது அங்கே வெறும் நடை சார்ந்த விஷயமில்லை.

செயலே பெயராகும்போது நடப்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வருகிறேன். முற்றுவினை காலத்தைக் காட்டியாக வேண்டும். ஆங்கில வாக்கியத்தில் அதற்கு எழுவாயும் வேண்டும். பெயர்ச்சொல்லுக்கு இந்தக் கட்டாயங்கள் கிடையாது. 'த ஷூட்டிங் ஆஃப் த ஹன்டர்ஸ்' என்பது சாம்ஸ்கி 1957இல் எடுத்துக்காட்டிய தொடர். வேட்டைக்காரர்கள் சுட்டார்களா, சுடப்பட்டார்களா? இலக்கணம் பதில் சொல்லாது. சுட்டவனுக்கும் செத்தவனுக்கும் 'ஆஃப்' என்கிற ஒரே நாற்காலிதான் போடப்பட்டிருக்கிறது. 'ஆஃப்' தொடரை வெட்டிவிட்டால் இரண்டு பேருமே காலி. 'த ஷூட்டிங்' மட்டும் மிஞ்சும்.

இந்த இலக்கணத்தின் அரசியலை டோனி ட்ரூ 'லாங்க்வேஜ் அண்ட் கன்ட்ரோல்' (1979) என்ற கூட்டு நூலில் எழுதினார். 1975 ஜூன் 1 அன்று, வெள்ளைச் சிறுபான்மை ஆட்சியிலிருந்த ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) சாலிஸ்பரி நகரில் ஆப்பிரிக்கர்கள் மீது போலீஸ் சுட்டது. 11 பேர் இறந்ததாக மறுநாள் லண்டன் பத்திரிகைகள் எழுதின. கார்டியன் தலைப்பில் போலீஸ்தான் எழுவாய். டைம்ஸ் தலைப்பிலோ செயப்பாட்டுவினை: செத்தவர்கள் 'கலவரம் செய்கிற' என்ற அடையோடு எழுவாய் இடத்துக்கு வந்தார்கள், போலீஸ் 'பை'க்குப் பின்னால் போனது. அடுத்து டைம்ஸ் எழுதிய தலையங்கத்தில் சுட்டது என்ற வினையும் போய், நடந்ததெல்லாம் 'கலவரம்', 'உயிரிழப்பு' என்று இரண்டு பெயர்களாகச் சுருங்கியது. ஒவ்வொரு அடியும் இலக்கணப்படி சரி. பொய் என்று ஒரு சொல்லைக்கூட நீங்கள் சுட்டிக்காட்ட முடியாது. உயிர்கள் ஏதோ தாமாகவே தொலைந்துபோயின, அவ்வளவுதான்.

தமிழ் இதில் தப்பித்துக்கொண்டது என்று பெருமைப்பட வேண்டாம். 'சுட்டவர்கள்' என்ற வினையாலணையும் பெயரில் ஆளும் காலமும் இருக்கின்றன. 'சுடுதல்' என்ற தொழிற்பெயரில் இரண்டும் கிடையாது. நம் செய்தித்தாள்களின் 'துப்பாக்கிச் சூட்டில் பலி' என்ற தொடரில் சுட்டவன் எங்கே?

அதற்காக இத்தகைய பெயர்களே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. 'சுரண்டல்' என்ற பெயர் கிடைக்காதவரை வயலில் நடப்பதும் ஆலையில் நடப்பதும் தனித்தனிச் சம்பவங்களாகவே தெரியும். கோட்பாட்டுக்குப் பெயர் தேவை. ஆனால் 'ஒடுக்குமுறை நிகழ்கிறது', 'அந்நியமாதல் உருவாகிறது' என்று நாமே பக்கம் பக்கமாக எழுதும்போதும் இதே வேலைதான் நடக்கிறது. ஒடுக்குகிறவன் வாக்கியத்தைவிட்டு நழுவிப் போய்விடுகிறான். நம் கட்டுரைகளையும் துண்டறிக்கைகளையும் அச்சுக்குக் கொடுக்கும் முன் இப்படிப்பட்ட ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை வினையாகத் திருப்பிப் பார்க்கலாம்: யார், யாரை, எப்போது? பதில் இருந்தால் பெயரை வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், அதை நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று பொருள்.