மோசடித் தடுப்பே அநீதியானபோது: நெதர்லாந்து தரும் பாடம்

அரசின் உதவித் தொகைகளை மோசடியாகப் பெறுவோரைத் தடுப்பது எந்தவொரு அரசுத் துறைக்கும் உள்ள கடமை. ஆனால் அந்தக் கடமையை நிறைவேற்றும் முறை பிழைத்தால், அதுவே பெரும் அநீதியாக மாறக்கூடும் என்பதற்கு நெதர்லாந்தின் குழந்தைப் பராமரிப்புக் கொடுப்பனவு விவகாரம் சான்றாகும்.

வேலைக்குச் செல்லும் பெற்றோரின் குழந்தைப் பராமரிப்புச் செலவில் ஒரு பகுதியை அந்நாட்டு வரித்துறை அப்போது முன்கூட்டியே வழங்கி வந்தது. கணக்கு பின்னரே சரிபார்க்கப்பட்டது. இத்தகைய ஏற்பாட்டில் மோசடிக்கு இடமுண்டு. பல்கேரியாவிலிருந்து வந்த சிலர், தாம் வசிக்காத முகவரிகளில் பதிவு செய்து அரசுக் கொடுப்பனவுகளைப் பெற்றமை 2013இல் அம்பலமானபோது, கடும் நடவடிக்கை தேவை என்ற அழுத்தம் அதிகரித்தது.

சந்தேகத்தின் அளவுகோல்

விண்ணப்பங்களுக்கு ஆபத்து மதிப்பெண் வழங்கும் கணினி முறை ஒன்றை வரித்துறை பயன்படுத்தியது. விண்ணப்பதாரர் நெதர்லாந்துக் குடியுரிமை உடையவரா என்பதும் அதில் ஓர் அளவுகோலாக இருந்தது. அதிக மதிப்பெண் பெற்ற விண்ணப்பங்கள் அதிகாரிகளின் பரிசீலனைக்குச் சென்றன. ஆனால் அவை ஏன் சந்தேகத்துக்குரியவை என்பது அந்த அதிகாரிகளுக்கே தெரிவிக்கப்படவில்லை.

ஒரு கையொப்பம் விடுபட்டிருந்தாலும், பெற்றோர் செலுத்த வேண்டிய சிறு பங்கு நிலுவையில் இருந்தாலும், முழுத் தொகையும் திருப்பிக் கேட்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் மூழ்கின. வேலையையும் வீட்டையும் இழந்தோர் பலர். இந்தக் கடும் நடைமுறையை நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றமும் 2019 அக்டோபர் வரை ஏற்றே வந்தது.

கேட்கப்படாத எச்சரிக்கை

வரித்துறையின் சட்ட ஆலோசகர் ஒருவர், துறையின் நடவடிக்கை தவறானது என்றும் பெற்றோருக்கு இழப்பீடு வழங்க வேண்டும் என்றும் 2017இலேயே எழுத்து மூலம் தெரிவித்திருந்தார். அது செயலுக்கு வரவில்லை. 2020 டிசம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழு அளித்த அறிக்கை, சட்டத்தின் ஆட்சியின் அடிப்படைக் கோட்பாடுகளே மீறப்பட்டதாகக் கூறியது. 2021 ஜனவரி 15ஆம் தேதி பிரதமர் மார்க் ருட்டேயின் அரசு பதவி விலகியது. பாதிக்கப்பட்ட பெற்றோருக்குக் குறைந்தபட்சம் 30,000 யூரோ இழப்பீடு அறிவிக்கப்பட்டது. குடியுரிமை விவரங்களைச் சட்டவிரோதமாகக் கையாண்டதற்காக வரித்துறைக்கு 27.5 லட்சம் யூரோ அபராதமும் விதிக்கப்பட்டது.

மோசடியாளர் தப்பிவிடுவது ஓர் ஆபத்து. நேர்மையானவர் தண்டிக்கப்படுவது மற்றோர் ஆபத்து. நெதர்லாந்து முதலாவதை மட்டுமே அளந்தது. முடிவுக்கான காரணத்தைக் கூறுதல், பிழைக்கும் மோசடிக்கும் வேறுபாடு காணல், மறுதரப்பைக் கேட்டறிதல், உள்ளிருந்து எழும் எச்சரிக்கைக்குச் செவிசாய்த்தல் ஆகியவை மோசடித் தடுப்புக்குத் தடைகள் அல்ல. அவையும் சேர்ந்ததே மோசடித் தடுப்பு. புதிய நாடொன்றில் குடியேறி, அதன் அலுவலகப் படிவங்களை நம்பி வாழும் எவருக்கும் இந்த வேறுபாடு வாழ்வாதாரப் பிரச்சனையாகும்.