ஊதியச் சட்டம்: முதலாளியின் கடமையும் தொழிலாளியின் உரிமையும்

மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவோம். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்றால் நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால், வேலையை விட்டு விலகும் நாளில் கைக்கு வரும் பணிக்கொடையைத் தீர்மானிப்பது அதுதான்.

ஊதியப் பட்டுவாடா (1936), குறைந்தபட்ச ஊதியம் (1948), போனஸ் (1965), சம ஊதியம் (1976) ஆகிய நான்கு சட்டங்களை ஒன்றாக்கி, 2019-ல் ஊதியச் சட்டத் தொகுப்பை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21 அன்றுதான்.

இதில் முக்கியமானது 'ஊதியம்' என்பதற்கான விளக்கம். வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியமாகவே கணக்கிடப்படும்.

ஒருவர் 20,000 ரூபாய் வாங்குகிறார். அடிப்படை 8,000, படிகள் 12,000 என்று வைத்துக்கொள்வோம். இனி அவருடைய ஊதியம் 10,000 ரூபாய். 12 சதவீத வருங்கால வைப்பு நிதி 960-லிருந்து 1,200 ஆகும். கையில் வாங்குவது 240 ரூபாய் குறையும். முதலாளியும் அதே அளவு கூடுதலாகச் செலுத்துவார். பத்து ஆண்டுப் பணிக்கான பணிக்கொடை சுமார் 46,150-லிருந்து 57,690 ரூபாயாக உயரும்.

முதலாளிக்கு இது கூடுதல் செலவு என்பதை மறுக்க முடியாது. சிறு நிறுவனங்களுக்கு அது பாரமாகவும் இருக்கும். அதேசமயம், நான்கு சட்டங்களுக்குத் தனித்தனியாகக் கணக்கு வைத்த சிரமம் குறைகிறது. செலவைக் காரணம் காட்டி, வைப்பு நிதியில் தம் பங்கைத் தொழிலாளியின் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ள மட்டும் சட்டம் அனுமதிக்கவில்லை.

மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். வேலையிலிருந்து நீக்கினாலும், தொழிலாளி தாமாக விலகினாலும், ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும்.

நம் சமூகத்தில் கடையும் தோல் தொழிற்சாலையும் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். அங்கே உழைப்பவர்களும் இருக்கிறார்கள். கூலியைத் தாமதிக்காமல், குறைக்காமல் கொடுப்பது சட்டம் வருவதற்கு முன்பே மார்க்கம் நம்மீது சுமத்திய பொறுப்பு. முதலாளிகள் இந்த மாதமே சம்பளப் பட்டியலைச் சரிபார்க்கட்டும். தொழிலாளர்கள் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பார்க்கட்டும்.