புள்ளி தொலைந்த பட்டா

வீட்டுக் கருவிகள் – 9

ஜூன் பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டு பிரிண்டர்களுக்கு வேலை வந்துவிடும். பள்ளி திறப்பதால் சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் நகல் எல்லாம் வேண்டும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்து 14,707 ஏக்கர் இருபோக வயல்களில் முதல் போகம் தொடங்கும்போது, பயிர்க்கடனுக்குச் சிட்டாவும் அடங்கலும் கேட்பார்கள். கோடை முழுக்கத் துணி போட்டு மூடிக்கிடந்த இங்க்ஜெட்டை அப்போதுதான் திறக்கிறோம். வெளியே வருவது மங்கல் தாள். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி இல்லை. சர்வே எண்ணில் இருப்பது 3-ஆ 8-ஆ என்று வி.ஏ.ஓ. கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார்.

உடனே எல்லாரும் செய்வது ஹெட் கிளீனிங். ஒரு தடவை, இன்னொரு தடவை, மை டேங்க் பாதி இறங்கும் வரை. தேனியிலும் சின்னமனூரிலும் நான் பார்த்த வீட்டு பிரிண்டர்களில் பல, பழுதால் கெட்டதைவிட இந்த அவசரத்தால்தான் கெட்டன. கிளீனிங் பட்டனைத் தொடுவதற்கு முன்னால் அந்த மங்கல் தாளை வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள். எங்கே கோளாறு என்று தாளே சொல்லிவிடும்.

அதற்குக் கருவி வேலை செய்யும் விதம் கொஞ்சம் தெரிந்தால் போதும். ஹெட் தாளின் அகலத்தில் இடமும் வலமுமாக ஓடுகிறது. தாள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்கிறது. ஹெட்டின் அடியில் இருக்கும் நுண்துளைகளில் ஒன்று அடைத்துக்கொண்டால், அந்தத் துளை ஓடும் பாதை முழுக்க மை விழாது. தாளின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். ஹெட் போகும்போது விழும் மையும் திரும்பும்போது விழும் மையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாவிட்டால், நிற்கும் கோடுகள் இரட்டையாகும். ‘பட்டா’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘ட’வின் நெட்டுக்கோடு இரண்டாகத் தெரிந்து, அடியில் படுத்திருக்கும் கோடு மட்டும் ஒழுங்காக இருந்தால், அது அடைப்பு இல்லை, அலைன்மென்ட். எழுத்தின் ஓரமெல்லாம் மயிர்க்கால் விட்டதுபோல் மை பரவியிருந்தால் தாளைச் சந்தேகிக்க வேண்டும். எழுத்து சீராக இருந்து, மொத்தமாக வெளிறியிருந்தால் டிராஃப்ட் மோடில் அடித்திருக்கிறீர்கள்.

வெள்ளைக் கோடு இருந்தால் நாசில் செக் தாள் ஒன்று எடுங்கள். இதற்குச் செலவாகும் மை மிகக் குறைவு. எப்சன் எல்-3110 போன்ற சாதாரண டேங்க் பிரிண்டரில் கறுப்புக்கு 180 துளைகளும் மற்ற மூன்று நிறங்களுக்குத் தலா 59 துளைகளும் இருக்கின்றன. ஒரு துளி மையின் குறைந்த அளவு 3 பிகோலிட்டர். ஒரு லிட்டரை லட்சம் கோடியாகப் பங்குபோட்டால் வரும் பங்கில் மூன்று. அந்தத் தாளில் சின்னச் சின்னக் கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்கும். எந்தப் படி காணோமோ அந்தத் துளை அடைத்திருக்கிறது. மஞ்சளை மட்டும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டில் மஞ்சள் படி உடைந்திருப்பது கண்ணுக்குத் தப்பிவிடும்.

துளை ஏன் அடைக்கிறது? மையில் பெரும்பங்கு தண்ணீர். காற்றுப் பட்டால் அது வற்றும். சாயம் துளையிலேயே காய்ந்து உட்காரும். இது நடக்கக்கூடாது என்றுதான் பிரிண்டரின் வலது ஓரத்தில் ரப்பர் மூடி வைத்திருக்கிறார்கள். பவர் பட்டனை அழுத்தி அணைத்தால், ஹெட் அந்த ஓரத்துக்குப் போய் மூடிமேல் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். விளக்கு மினுக்கி அணைவதற்குள் இந்த வேலை முடிந்துவிடும்.

நம் வீடுகளில் பழக்கம் வேறு. வெளியே கிளம்பும்போது சுவர் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவதுதான் நல்ல பழக்கம் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். மிக்ஸிக்கும் டி.வி.க்கும் அது சரி. அச்சடித்துக்கொண்டிருக்கும்போதோ, அடித்த கையோடோ பிரிண்டருக்கு இப்படிச் செய்தால் ஹெட் நடுவழியில் மூடியில்லாமல் நின்றுவிடும். சித்திரை வைகாசி வெக்கையில், காற்றில் ஈரமே இல்லாத ஆண்டிபட்டிப் பக்கத்தில், சில நாளிலேயே மை இறுகிவிடும். பாதி அச்சில் கரண்ட் போனாலும் இதே கதைதான். கரண்ட் வந்ததும் பிரிண்டரை ஒருமுறை போட்டு, அதன் ஓட்டம் நின்றபின் பட்டனில் அணைத்துவிடுங்கள். வாரம் ஒரு கலர் தாள் அடிப்பதும் நல்லது. பிள்ளைகளின் புராஜெக்ட் படமோ வாரப் பாடத்திட்டமோ, எல்லா நிறமும் ஓடினால் போதும்.

அடைப்பு உறுதியானால் கிளீனிங் செய்யலாம், அளவோடு. எப்சன் கையேடு சொல்லும் முறை இதுதான்: நாசில் செக்கும் கிளீனிங்கும் மூன்று முறை மாறி மாறிச் செய்தும் சரியாகாவிட்டால், பிரிண்டரை அணைத்துவிட்டு 12 மணி நேரம் சும்மா விட வேண்டும். இந்தக் காத்திருப்பைத்தான் யாரும் பொருட்படுத்துவதில்லை. காய்ந்த மை ஊறி இளக நேரம் வேண்டும். குழாயில் புகுந்த காற்றுக்குமிழி மேலே ஏறவும் நேரம் வேண்டும். ராத்திரி அணைத்துவிட்டுக் காலையில் ஒரு கிளீனிங் கொடுத்ததும் தெளிவாக அடித்த பிரிண்டரை, “ஹெட் போயிருச்சுண்ணே, புதுசுதான் வாங்கணும்” என்று முதல் நாள் கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பவர் கிளீனிங் கடைசி ஆயுதம். டேங்க் ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

கைவைத்துத் துடைக்கும் முன் உங்கள் ஹெட் எந்த ஜாதி என்று பாருங்கள். 1977-இல் ஜப்பானில் கேனான் ஆய்வுக்கூடத்தில் இச்சிரோ எண்டோ என்ற பொறியாளரின் சூடான சால்டரிங் அயர்ன், மை நிரப்பிய ஊசியில் தற்செயலாகப் பட, மை பீய்ச்சியடித்தது. சூட்டில் குமிழி எழுந்து துளியைத் தள்ளும் முறை அங்கிருந்து பிறந்தது. எச்.பி.யும் தனியாக அதே வழிக்கு வந்து 1984-இல் திங்க்ஜெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எப்சனில் சூடு கிடையாது. மின்சாரம் பட்டால் நெளியும் பீசோ தகடு துளியைத் தள்ளுகிறது. அந்த ஹெட் பிரிண்டரோடு பொருத்தப்பட்டது, வீட்டில் கழற்றக்கூடாது. ஆனால் பழைய கார்ட்ரிட்ஜ் வகை எச்.பி.யில் ஹெட் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே வரும். அதை எடுத்து, துளைகள் உள்ள பக்கத்தை வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த நூல் பிரியாத துணியில் சற்றுநேரம் ஒற்றி வைத்தால் அடைப்பு இளகும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற வாங்கிவைத்த தண்ணீரே போதும். பாட்டில் மேல் ஆசிட் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அதிலிருக்கும் உப்பு இன்னொரு அடைப்பாகிவிடும்.

நெட்டுக்கோடு இரட்டையானால் அலைன்மென்ட் தாள் அடித்து, எந்தக் கட்டம் இடைவெளியில்லாமல் இருக்கிறதோ அந்த எண்ணைக் கணினியில் கொடுங்கள். வீடு மாறியபின் இந்தக் கோளாறு வருவது சகஜம். போடியிலிருந்து ஏலத்தோட்டத்து வீட்டுக்கு பிரிண்டரை ஜீப்பில் ஏற்றிப் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறினால், ஹெட் மட்டுமல்ல, மைக்குழாயும் காற்று வாங்கும். சாய்க்காமல், டேங்க் மூடியை இறுக்கி, நேராக உட்காரவைத்துக் கொண்டுபோங்கள். அலைன்மென்ட் செய்தும் இரட்டிப்பு போகாவிட்டால், ஹெட்டுக்குப் பின்னால் குறுக்கே ஓடும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் நாடாவைப் பாருங்கள். ஹெட் தான் நிற்கும் இடத்தை அதிலுள்ள நுண்கோடுகளை வைத்துத்தான் அறிகிறது. ஆடிக்காற்றுத் தூசியோ சமையல் எண்ணெய்ப் புகையோ அதில் படிந்தால் கணக்கு தவறும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, லேசாக ஈரம் தொட்ட துணியால் மெல்ல ஒற்றியெடுங்கள். இழுத்துத் துடைத்தால் கொக்கியிலிருந்து கழன்றுவிடும்.

இனி தாள். கூடலூர், லோயர்கேம்ப் பக்கம் மலையாளத்துச் சாரல் வந்துவிட்டால் பிரித்துப்போட்ட தாள்கட்டு ஈரம் குடித்து ஓரம் சுருளும். ஹெட் அந்த மேட்டில் உரசி மையை இழுக்கும், எழுத்தும் ஊறும். இதற்குப் பிரிண்டரை எவ்வளவு சுத்தம் செய்தாலும் பயனில்லை. நாம் வாங்கும் தாள் கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையில் செய்ததாகட்டும், வேறு எந்த ஆலையுடையதாகட்டும், அது வரும் உறையிலேயே கட்டி வைப்பதுதான் காப்பு. போட்டோ பேப்பரில் பூச்சு உள்ள பக்கம் ஒன்றுதான். திருப்பி வைத்தால் மை குளமாக நிற்கும். கணினியில் பேப்பர் டைப்பையும் மாற்றாமல் விட்டால் நல்ல தாளும் சொதப்பும்.

மங்கலுக்கு பிரிண்டர் காரணமே இல்லாத வீடுகளும் உண்டு. சிட்டாவைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதை இன்னொருவர் தட்டிவிட்டு, மூன்றாம் கை மாறி வந்ததை அடித்தால் எந்தக் கருவியிலும் அப்படித்தான் வரும். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். இன்னும் நல்லது, அரசு இணையதளத்தில் பி.டி.எஃப். எடுத்து அதிலிருந்தே அடிப்பது. அடித்தபின் தாளிலுள்ள கியூ.ஆர். கோடை உங்கள் போனிலேயே ஸ்கேன் செய்து பாருங்கள். படிக்காவிட்டால் தாலுகா ஆபீசுக்கு அலைவதற்குமுன் இன்னொரு தாள் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று பாக்கி. கிளீனிங்கில் உறிஞ்சிய மை எல்லாம் பிரிண்டரின் அடியிலுள்ள பஞ்சில் சேர்கிறது. அது நிறைந்ததும் கருவி அச்சடிக்க மறுக்கும். சில மாடல்களில் அந்தப் பெட்டியை நாமே மாற்றலாம். மற்றவற்றுக்கு சர்வீஸ் சென்டர். பஞ்சை மாற்றாமல் சாஃப்ட்வேரில் கணக்கை மட்டும் அழித்து ஓட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த கிளீனிங்கில் மை மேஜைமேல் வழியும்.

(அடுத்த வாரம்: ஸ்கேனர் கண்ணாடிக்குள் படியும் பூஞ்சை)