பழைய பெடல் ஸ்டீல் கித்தாருக்கு மறுவாழ்வு

அமெரிக்காவின் 'கண்ட்ரி' இசைப் பாடல்களில், பாடகரின் குரலுக்குப் பின்னே இழைந்து வரும் ஓர் ஒலியைப் பலர் கேட்டிருப்பர். அது ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்குத் தாவாது, வழுக்கிக்கொண்டு செல்லும். சில வேளைகளில் அது விம்மலைப் போலவும் சில வேளைகளில் பெருமூச்சைப் போலவும் கேட்கும். அவ்வொலியை எழுப்பும் கருவியே பெடல் ஸ்டீல் கித்தார் ஆகும். 1950களிலும் 1960களிலும் செய்யப்பட்ட இக்கருவிகளுள் சில இன்றும் மேடைகளில் ஒலிக்கின்றன. வேறு சில வீட்டுக் கிடங்குகளில் தூசி படிந்து கிடக்கின்றன. அவ்வாறு கிடக்கும் ஒரு கருவியை மீண்டும் ஒலிக்கச் செய்வது கைத்திறனை மட்டும் சார்ந்த வேலையன்று. எதை மாற்றலாம், எதைத் தொடாமல் விடவேண்டும் என்று முடிவெடுக்கும் தெளிவும் அதற்குத் தேவை.

ஹவாயிலிருந்து நாஷ்வில் வரை

இக்கருவியின் வேர் ஹவாய்த் தீவுகளில் உள்ளது. கித்தாரை மடியில் கிடத்தி, தந்திகளின்மீது எஃகுத் துண்டு ஒன்றை நகர்த்தி வாசிக்கும் முறை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு உருவானது. ஓவாஹு தீவைச் சேர்ந்த ஜோசப் கெக்குக்கு என்பவரே இம்முறையை வளர்த்தெடுத்தவராகப் போற்றப்படுகிறார். தமிழகத்தின் சித்திரவீணையும் இதே அடிப்படையில்தான் இயங்குகிறது. மெட்டுகள் இல்லாத அவ்வீணையில், வழவழப்பான உருளை ஒன்றைத் தந்திகளின்மீது நகர்த்தியே சுரங்களைப் பெறுகின்றனர்.

1915ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சி, ஹவாய் இசையை அமெரிக்க மக்களிடையே பரப்பியது. 1930களின் தொடக்கத்தில், மடியில் வைத்து வாசிக்கும் மின்கித்தார் விற்பனைக்கு வந்தது. எனினும், இக்கருவிக்கு ஒரு குறை இருந்தது. நேரான எஃகுத் துண்டு எல்லாத் தந்திகளையும் ஒரே நேர்க்கோட்டில்தான் தொடும். எனவே, ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் சேர்க்கைகள் குறைவாகவே இருந்தன.

இக்குறையைப் போக்கக் கால் மிதிகள் உதவின. மிதியை அழுத்தினால் குறிப்பிட்ட தந்திகள் மட்டும் இறுகி, அவற்றின் சுருதி உயரும். 1954ஆம் ஆண்டு புகழ்பெற்ற 'ஸ்லோலி' என்னும் பாடலில், பட் ஐசக்ஸ் என்னும் கலைஞர் தந்திகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தி வாசித்தார். ஒரு சுரம் அசையாமல் நிற்க, மற்றொரு சுரம் வளைந்து மேலேறும் அவ்வொலி கேட்டோரை ஈர்த்தது. பிற கலைஞர்களும் மிதிகள் கொண்ட கருவியை நாடத் தொடங்கினர். அக்காலக்கட்டத்தில், ஷாட் ஜாக்சன், பட்டி எம்மன்ஸ் ஆகிய இரு கலைஞர்கள் நாஷ்வில் நகரில் இக்கருவிகளைச் செய்யத் தொடங்கினர். அவர்கள் தங்கள் பெயர்களின் பகுதிகளை இணைத்துத் தம் நிறுவனத்திற்கு 'ஷோ-பட்' எனப் பெயரிட்டனர்.

கருவி இயங்கும் விதம்

பெடல் ஸ்டீல் கித்தார், கால்கள் பொருத்திய குறுகலான மேசையைப் போன்றது. இதன் உடல் பெரும்பாலும் மேப்பிள் மரத்தால் ஆனது. ஒரு கழுத்தில் பொதுவாகப் பத்துத் தந்திகள் இருக்கும். கலைஞர் இதன்முன் அமர்ந்து, இடக்கையால் எஃகுத் துண்டை நகர்த்துவார். வலக்கை விரல்களால் தந்திகளை மீட்டுவார். இடக்கால் மிதிகளை அழுத்தும். வலக்கால் ஒலியின் அளவைக் கட்டுப்படுத்தும். முழங்கால்களாலும் சில நெம்புகோல்களைத் தள்ளவேண்டும்.

கருவியின் உண்மையான நுட்பம் அதன் அடிப்பகுதியில் மறைந்துள்ளது. மிதியை அழுத்தும்போது அதனுடன் இணைந்த செங்குத்துத் தண்டு கீழே இழுக்கப்படும். அது உடலின் குறுக்கே உள்ள ஒரு தண்டைத் திருப்பும். அத்தண்டில் பொருத்தப்பட்ட சிறு நெம்புகோல்கள் நீண்ட இழுகம்பிகளை இழுக்கும். இழுகம்பிகள், வலப்பக்க முனையில் உள்ள சுருதிமாற்றியில் 'விரல்' எனப்படும் உலோகத் துண்டுகளை அசைக்கும். தந்தியின் முனை இந்த விரலில்தான் மாட்டப்பட்டிருக்கும். விரல் அசைந்தால் தந்தி இறுகும் அல்லது தளரும். மிதியை விட்டதும் விரல் முன்பிருந்த இடத்திற்கே துல்லியமாகத் திரும்பவேண்டும். மயிரிழை அளவு பிசகினாலும் கருவி அபசுரமாக ஒலிக்கும்.

முதுமையின் அடையாளங்கள்

காலப்போக்கில் இக்கருவியின் ஒவ்வொரு பகுதியும் தேய்கிறது. இயங்கும் உறுப்புகளில் இட்ட எண்ணெய், தூசியோடு சேர்ந்து பிசினாக இறுகிவிடுகிறது. அதனால் விரல்கள் முழுமையாகத் திரும்புவதில்லை. தந்திகள் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் உரசுவதால் விரல்களின் மேற்பரப்பில் பள்ளங்கள் விழுகின்றன. துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்ட சில உறுப்புகளில் விரிசல்கள் தோன்றுகின்றன.

மரத்தின் மேற்பூச்சும் மாறுகிறது. அக்காலக் கருவிகள் பலவற்றில் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் என்னும் மெருகுப்பூச்சு பூசப்பட்டது. இப்பூச்சு ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளாகும். மரம் ஈரத்தால் விரிந்தும் வறட்சியால் சுருங்கியும் மாறும்போது, விறைப்பேறிய பூச்சால் அதனோடு ஈடுகொடுக்க முடிவதில்லை. ஆகவே, சிலந்தி வலையைப் போன்ற நுண்ணிய வெடிப்புகள் அதில் படர்கின்றன.

முதல் முடிவு

பழைய கருவியைக் கையில் எடுத்ததும் உப்புத்தாளைத் தேடுவது தவறு. முதலில் செய்யவேண்டியது கருவியைக் கூர்ந்து நோக்குவதே. எந்தக் குறை இசையைப் பாதிக்கிறது? எந்தக் குறை கண்ணை மட்டும் உறுத்துகிறது? இவ்விரண்டையும் பிரித்தறிந்த பின்னரே வேலையைத் தொடங்கவேண்டும்.

இங்கு மற்றொரு வேறுபாட்டையும் உணரவேண்டும். சில மாற்றங்கள் மீளக்கூடியவை. புதிய திருகாணியைக் கழற்றிவிட்டுப் பழையதை மீண்டும் பொருத்தலாம். வேறு சில மாற்றங்கள் மீளாதவை. தேய்த்து நீக்கிய மெருகை எவராலும் திரும்பக் கொண்டுவர இயலாது. அம்மெருகோடு, அதைப் பூசியவரின் கைவண்ணமும், பல்லாண்டுகள் வாசித்த கலைஞரின் கை உரசிய தடமும் மறைந்துவிடும். இதனால்தான், வெடிப்புகள் இருந்தாலும் அசல் பூச்சு கொண்ட கருவியையே சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் உயர்வாக மதிக்கின்றனர். பூச்சு மரத்தைக் காத்து நிற்கிறது என்றால், அதை மென்மையாகத் துடைத்துத் தூய்மைப்படுத்துவதே போதுமானது. பூச்சு பெரிதும் உரிந்து, மரம் வெளிப்பட்டு, ஈரம் புகும் நிலை ஏற்பட்டிருந்தால் மட்டுமே புதுமெருகு பூசுவதைப் பற்றி எண்ணவேண்டும்.

பிரித்தலும் தூய்மைப்படுத்தலும்

அடுத்த கட்டம் கருவியைப் பிரிப்பதாகும். நூற்றுக்கணக்கான உறுப்புகள் கொண்ட கருவி என்பதால், பிரிப்பதற்கு முன்பே எல்லாக் கோணங்களிலும் படம் எடுத்துவைப்பது நல்லது. எந்த இழுகம்பி எந்த நெம்புகோலில் எந்தத் துளையில் இருந்தது என்பதை வரைபடமாகக் குறித்துக்கொள்ளவேண்டும். துளை மாறினால் மிதியின் அழுத்தமும் அது செல்லும் தூரமும் மாறிவிடும். கழற்றிய உறுப்புகளைத் தனித்தனிப் பைகளில் இட்டுப் பெயர் எழுதிவைப்பது வழக்கம்.

பின்னர், இறுகிய பிசினைக் கரைப்பானால் நீக்குவர். இதற்குக் காற்றோட்டமான இடமும் கையுறையும் தேவை. அருகில் நெருப்பு இருத்தல் கூடாது. தூய்மையான உறுப்புகளுக்குத் துளியளவு எண்ணெய் இட்டால் போதும். மிகுதியான எண்ணெய் மீண்டும் தூசியை ஈர்க்கும். விரல்களில் விழுந்த பள்ளங்களை மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவர். இடப்பக்க முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு உருளைகள் தடையின்றிச் சுழல்கின்றனவா என்பதையும் பார்ப்பர். உருளை சிக்கிக்கொண்டால், மிதியை விட்ட பிறகும் தந்தி பழைய சுருதிக்குத் திரும்பாது.

தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் 'பிக்கப்' என்னும் பகுதிக்குத் தனிக் கவனம் வேண்டும். காந்தங்களைச் சுற்றி, தலைமுடியைப் போன்ற மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். மல்டிமீட்டரால் மின்தடையை அளந்தால் அதன் நலத்தை அறியலாம். அளவி சில ஆயிரம் ஓம் காட்டினால் சுருள் அறுபடவில்லை என்று கொள்ளலாம். மின்னோட்டமே செல்லவில்லை எனில் கம்பி எங்கோ அறுந்துள்ளது எனப் பொருள். அந்நிலையில் புதிய பிக்கப்பை வாங்கிப் பொருத்தலாம். அல்லது பழைய காந்தங்களின்மீதே புதிய கம்பியைச் சுற்றலாம். பின்னது கருவியின் அசல் குரலுக்கு நெருங்கிய ஒலியைத் தரும்.

புதுமெருகு பூசுதல்

புதுமெருகு தேவை என்று முடிவானால், பொறுமையே முதல் கருவியாகும். பழைய பூச்சை நீக்கிய பின் உப்புத்தாளால் மரத்தைத் தேய்ப்பர். முதலில் 120 எண் கொண்ட சொரசொரப்பான தாளையும், பிறகு 220 எண் கொண்ட மென்மையான தாளையும் பயன்படுத்தலாம். மரத்தின் ரேகைகள் ஓடும் திசையிலேயே தேய்க்கவேண்டும். குறுக்கே தேய்த்தால் விழும் கீறல்கள், பூச்சுக்குப் பின் இன்னும் தெளிவாகத் தெரியும். சில கருவிகளில் அழகிய ரேகைகள் கொண்ட மெல்லிய மரத்தகடு மேலே ஒட்டப்பட்டிருக்கும். சற்று மிகுதியாகத் தேய்த்தாலும் அத்தகடு ஓட்டையாகிவிடும்.

மேப்பிள் மரத்தின் நுண்துளைகள் மிகச் சிறியவை. ஆதலால், பிற மரங்களுக்கு இடுவது போன்ற துளை நிரப்பி இதற்குப் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. இழுகம்பிகளும் திருகாணிகளும் செல்லும் துளைகளை அடைத்த பின்னரே பூச்சைத் தெளிக்கவேண்டும். துளைக்குள் பூச்சு படிந்தால் உறுப்புகள் மீண்டும் பொருந்தா. பூச்சைத் தடிமனாக ஒரே முறையில் தெளிக்காமல், மெல்லிய படலங்களாகப் பலமுறை தெளிப்பர். நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரில் உள்ள கரைப்பான், முன் படலத்தின் மேற்பரப்பைச் சிறிது கரைத்து அதனோடு ஒன்றிவிடும். ஆகையால், பல படலங்களும் சேர்ந்து ஒரே பூச்சாக மாறுகின்றன. இப்பூச்சு எளிதில் தீப்பற்றக்கூடியது. அதன் ஆவி உடல்நலத்திற்குத் தீங்கானது. எனவே, தகுந்த முகக்கவசமின்றி இவ்வேலையில் இறங்கக்கூடாது.

தொட்டால் ஒட்டாத நிலையை லேக்கர் விரைவில் அடைந்துவிடும். ஆனால், அது முழுமையாக இறுகச் சில வாரங்கள் ஆகும். அவசரப்பட்டு மெருகேற்றினால், உள்ளே எஞ்சிய கரைப்பான் பின்னர் வெளியேறும்போது பூச்சு சுருங்கிப் பளபளப்பை இழக்கும். இறுகிய பிறகே 1000, 1500, 2000 எனப் படிப்படியாக நுண்ணிய தாள்களை நனைத்துத் தேய்த்து, இறுதியில் துணியால் மெருகேற்றவேண்டும்.

மீண்டும் ஒலித்தல்

எல்லா உறுப்புகளையும் பொருத்திய பின் சுருதி சேர்ப்பர். மிதிகளைத் தொடாமல், முதலில் இடப்பக்கப் பிரடைகளைத் திருகித் தந்திகளைச் சுருதி சேர்ப்பது வழக்கம். பிறகு ஒவ்வொரு மிதியாக அழுத்தி, வலப்பக்க முனையில் உள்ள சிறு திருகுகளால் அம்மிதிக்குரிய சுருதியைத் துல்லியமாக்குவர். மிதியை அழுத்தும்போது மற்றத் தந்திகளின் சுருதியும் மிகச் சிறிதளவு இறங்குவதுண்டு. தந்திகளின் கூடுதல் இழுவிசையால் மரவுடல் நுண்ணளவில் வளைவதே அதற்குக் காரணம். இத்தகைய இயல்புகளை முற்றாக நீக்க இயலாது. நல்ல கலைஞர் அவற்றை அறிந்து வாசிப்பார்.

பழைய கருவியைச் சீரமைப்பவர் அதனைப் புத்தம்புதிய கருவியாக மாற்றவேண்டியதில்லை. அதன் குரலைத் தடுக்கும் பழுதுகளை நீக்கினால் போதும். மரத்தில் உள்ள ஒரு சிறு கீறல் இசையைக் கெடுப்பதில்லை. அது அக்கருவி கடந்துவந்த காலத்தைச் சொல்கிறது. தாம் செய்த மாற்றங்களை ஒரு தாளில் எழுதி, கழற்றிய பழைய உறுப்புகளோடு கருவியின் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவது நல்ல பழக்கம். அடுத்த தலைமுறையில் அப்பெட்டியைத் திறப்பவருக்கு, கருவியில் எது பழையது, எது புதியது என்பது ஐயமின்றி விளங்கும்.