பூச்சியையும் அறிவோம், மருந்தையும் அறிவோம்!

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். கறையான் ஊர்ந்தால் வீடே தேயும் என்பதை என் பாட்டி வீட்டில் கண்டேன்.

இராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். அங்குச் செல்லும் வழியில், மாந்தோப்புகளுக்கு நடுவே பாட்டியின் ஓட்டுவீடு. ஓர் ஐப்பசி இரவில் மழை ஓய்ந்ததும், விளக்கைச் சுற்றிச் சிறகுப் பூச்சிகள் மொய்த்தன. "பறக்கிற எறும்புதான், விடிஞ்சா போயிரும்" என்றார் மாமா. விடிந்ததும் தரையெங்கும் உதிர்ந்த சிறகுகள் கிடந்தன. அடுத்த கோடையில் வாசல் நிலையில் ஆணி அடித்தோம். வாழைத்தண்டில் இறங்குவது போல் இறங்கிற்று. வெளியே வண்ணம், உள்ளே வெறும் மண்!

வந்தவை எறும்புகள் அல்ல, ஈசல்கள். அதாவது, புதுக்குடி அமைக்கப் புறப்பட்ட கறையான்கள். வேறுபாடு அறிவது எளிது. எறும்புக்கு இடை ஒடுங்கியிருக்கும். முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது. உணர்கொம்பு முழங்கை போல் மடங்கியிருக்கும். ஈசலுக்கு இடை ஒடுங்குவதில்லை. நான்கு சிறகும் ஏறக்குறைய ஒரே நீளம். உணர்கொம்பு மணி கோத்தாற்போல் இருக்கும். சுவரில் மண்குழாய் ஏறியிருந்தால் ஐயமே வேண்டாம், கறையான்தான்.

அன்றே அறிந்திருந்தால் நிலை தப்பியிருக்கும். அறியாத மாமா, தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்தை நிலையில் ஊற்றினார். மிச்சத்தை மூட்டைப்பூச்சிக்காகக் கட்டிலில் தெளித்தார். அன்றிரவு அதில் படுத்த என் தங்கைக்கு வாந்தி, எச்சில் ஒழுகிற்று, கண்பாவை ஊசிமுனையாய்ச் சுருங்கிற்று. மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மருந்து டப்பா எங்கே?" என்பதே. நல்லவேளையாக மாமா அதைக் கொண்டு வந்திருந்தார். நான்காம் நாள் தங்கை வீடு திரும்பினாள்.

நண்பர்களே, நம் நாட்டில் விற்கும் ஒவ்வொரு பூச்சிமருந்து டப்பாவிலும் ஒரு சாய்சதுரம் உண்டு. அதன் கீழ்ப்பாதி சிவப்பானால் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என நஞ்சின் கடுமை படிப்படியாகக் குறையும். வயலுக்கென்று விற்பதை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. முன்னாளில் கறையானுக்காக மண்ணில் ஊற்றிய ஆல்டிரின், மண்ணிலும் உடலிலும் நெடுங்காலம் தங்குவதால், 1996-இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது.

பிறகு நாங்கள் செய்தது இதுதான். மண்குழாய்களை இடித்தோம். சுவரோரம் அடுக்கியிருந்த விறகை அகற்றினோம். ஒழுகிய ஓட்டை மாற்றினோம். ஈரமின்றிக் கறையான் வாழாது. மண்ணுக்கு மருந்திடும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டோம். புதிதாக வீடு கட்டுவோர், ஐ.எஸ். 6313 என்னும் இந்தியத் தர விதிப்படி அடித்தளத்திலேயே கறையான் தடுப்புச் செய்துகொள்ளலாம்.

மூட்டைப்பூச்சிக்குக் கொதிநீரே மருந்து. 50 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தை முட்டையும் தாங்காது. கட்டிலின் மூட்டுகளில் ஊற்றி வெயிலில் காய வைத்தோம். தப்பிய முட்டைகள் பொரிந்திருக்கும் என்று பத்து நாள் கழித்து மீண்டும் செய்தோம்.

கொசுவிலும் ஆளறிதல் வேண்டும். 2012-இல் திருநெல்வேலி மாவட்டத்தை வாட்டிய டெங்குவைப் பரப்புவது, காலில் வெள்ளை வளையமுள்ள ஏடிஸ் கொசு. அது சாக்கடையை நாடுவதில்லை. நாம் சேமிக்கும் நல்ல நீரையே நாடும், பகலில் கடிக்கும். முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டி, காய்ந்தாலும் பல மாதம் உயிரோடிருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தொட்டியைத் தேய்த்துக் கழுவி மூடவும் வேண்டும்.

இறுதியாக ஒன்று. தங்கை வீடு திரும்பிய அன்று, மருந்து தெளித்த பம்பைக் கழுவ மாமா ஓடைக்குப் போனார். பாட்டி மறித்தாள். "இங்க இருக்கிறது நீர்காத்த அய்யனார்டா! அவர் காக்கிற தண்ணியில விஷத்தையா கழுவப் போற?" என்றாள். அம்மலை நீர்தான் இராஜபாளையத்தார் குடிநீர். பள்ளிக்கூடம் காணாத பாட்டி அன்று கற்பித்த பாடத்தை நானும் என் மாமாவும் இன்றுவரை மறக்கவில்லை.