விதைத் தேயிலையும் வெட்டுத்துண்டுத் தேயிலையும்: கல உயிரியல், பிறப்புரிமையியல் அடிப்படைகள் பற்றிய ஒரு மீள்நோக்கு

முன்னுரை

கலம், நிறமூர்த்தம், இழையுருப்பிரிவு, ஒடுக்கற்பிரிவு, எதிருரு என்பன உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கும் மாணவர் அனைவரும் அறிந்த சொற்கள். ஆயின் வரைபடங்களை மனனஞ் செய்து பரீட்சை எழுதுவோர் பலர், அச்சொற்கள் குறிக்கும் நிகழ்ச்சிகள் தம் கண்முன்னே நடைபெறுவதை உணர்வதில்லை. அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளில் அடுத்தடுத்துள்ள இரு தேயிலை மலைகளை நோக்குக. ஒன்றில் விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலை. இலையின் அளவும் நிறமும் கொழுந்து விடும் காலமும் செடிக்குச் செடி வேறுபடும். மற்றையதில் வெட்டுத்துண்டிலிருந்து வளர்ந்த 'வீ.பீ.' தேயிலை, செடிகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றும். இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்வதன் வழியே பாடத்தின் அடிப்படைகளை மீள நோக்குவதும், அதிலிருந்து எழும் ஒரு நடைமுறைப் பிரச்சினையைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கொழுந்தும் கலமும்

தாவரக் கலமொன்று கலச்சுவரையும், அதனுள் மென்சவ்வையும், குழியவுருவையும், கருவையும் கொண்டது. இலையின் கலங்களிற் பச்சையவுருமணிகளும் பெரிய புன்வெற்றிடமும் உள. தேயிலைக்குத் துவர்ப்பைத் தரும் பொலிபீனோல்கள் புன்வெற்றிடத்துள் அடங்கியிருக்க, அவற்றை ஒட்சியேற்றும் நொதியம் அதற்கு வெளியே இருக்கின்றது. இரண்டையும் பிரித்து வைப்பது மென்சவ்வு. தொழிற்சாலையில் வாட்டிய கொழுந்தை உருட்டும்போது சவ்வுகள் சிதைகின்றன. நொதியமும் பொலிபீனோலும் கலக்கின்றன. வளியிலுள்ள ஒட்சிசன் துணையாகப் பச்சை இலை செம்பு நிறமடைகின்றது. கலத்தின் அறைகள் உடைவதாலேயே கறுப்புத் தேயிலை பிறக்கின்றது எனலாம்.

2. இழையுருப்பிரிவும் வெட்டுத்துண்டும்

தேயிலையின் உடற்கலம் ஒவ்வொன்றின் கருவிலும் பொதுவாக 30 நிறமூர்த்தங்கள், அதாவது 15 சோடிகள், உள. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாய்வழி வந்தது. மற்றையது தந்தைவழி வந்தது. இழையுருப்பிரிவுக்கு முன் ஒவ்வொரு நிறமூர்த்தமும் தன் படியொன்றை ஆக்கிக்கொள்ள, மகட்கலங்கள் இரண்டும் தாய்க்கலத்தில் இருந்த அதே 30 நிறமூர்த்தங்களைப் பெறுகின்றன.

நாற்றுமேடையில் நடப்பதும் இதுவே. ஓர் இலையும் அதன் கக்கவரும்பும் சிறிது தண்டும் கொண்ட துண்டு பொலித்தீன் பையில் நடப்படுகின்றது. அதன் கலங்கள் இழையுருப்பிரிவினாற் பெருகி வேராகவும் தளிராகவும் வியத்தமடைகின்றன. அரிதாக விகாரம் நேர்ந்தாலன்றி, அக்கன்றின் பிறப்புரிமையமைப்பு தாய்ச்செடியின் அமைப்பேயாகும். இவ்வாறு ஒரே செடியிலிருந்து பதியமுறையாற் பெறப்பட்ட செடிகளின் தொகுதியை முளைவகை என்பர். 1925 இல் தோற்றுவிக்கப்பட்டுத் தலவாக்கலை சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தெரிந்தெடுத்த டீ.ஆர்.ஐ. 2025 இவ்வகையினது. அதன் செடிகள் எத்தனை மலைகளில் நின்றாலும் பிறப்புரிமையியல் நோக்கில் அவை ஒரே செடியே.

3. ஒடுக்கற்பிரிவும் விதையும்

பூவினுள் நிகழ்வது வேறு. மகரந்தமும் சூல்வித்தும் தோன்றும்போது ஒடுக்கற்பிரிவு நடைபெற்று, சோடிகள் பிரிந்து, புணரி ஒவ்வொன்றும் 15 நிறமூர்த்தங்களை மட்டுமே பெறுகின்றது. எந்தச் சோடியில் எது எப்புறம் செல்லும் என்பது தற்செயலானது. ஆகவே ஒரு செடி ஆக்கக்கூடிய புணரிச் சேர்க்கைகள் 2 இன் 15 ஆம் வலு, அஃதாவது 32,768. இரு பெற்றோரையும் சேர்த்து நோக்கின் இத்தொகை 107 கோடியைத் தாண்டும். குறுக்குப் பரிமாற்றம் இதனை மேலும் பெருக்குகின்றது. தேயிலை பெரும்பாலும் தன் மகரந்தத்தை ஏலாது அயன்மகரந்தச் சேர்க்கையையே நாடுவது. எனவே விதைத் தேயிலை மலையில் ஒன்றையொன்று முற்றும் ஒத்த இரு செடிகளைக் காண்டல் அரிது.

4. பிறப்புரிமையமைப்பும் தோற்றவமைப்பும்

மெண்டலின் பட்டாணி ஆய்வு 1866 இல் அச்சாயிற்று. மறு ஆண்டிலேயே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். எனினும் மெண்டல் கண்ட 3:1 என்னும் எளிய விகிதத்தைத் தேயிலையின் விளைச்சலிற் காணவியலாது. அது பல பரம்பரை அலகுகளின் கூட்டு விளைவு. சூழலும் அதிற் பங்குகொள்கின்றது. ஒரே முளைவகை நுவரெலியாவின் குளிரில் மெல்ல வளர்ந்து ஒரு மணத்தையும், தாழ்நிலத்தில் விரைந்து வளர்ந்து வேறொரு தன்மையையும் தருகின்றது. மாறுவது தோற்றவமைப்பே. கவ்வாத்தும் இதற்குச் சான்று: நூறாண்டு இடுப்பளவில் வெட்டப்பட்ட செடியின் விதையும், வெட்டாது விட்டால் மரமாகவே வளரும். வெட்டினால் வந்த குறுமை பரம்பரையிற் சேர்வதில்லை.

5. ஒருமையின் விலை

முளைவகைகளால் விளைச்சல் உயர்ந்தது; கொழுந்து ஒரே சீராகக் கிடைத்தது. இந்நன்மைகள் மறுக்கற்பாலன அல்ல. ஆனால் ஒரு செடியைத் தாக்க வல்ல நோய், அதே பிறப்புரிமையமைப்பையுடைய செடிகள் அனைத்தையும் தாக்க வல்லது. மலையகம் இதனை முன்னரே கண்டுள்ளது. 1869 இல் இலங்கையில் இனங்காணப்பட்ட கோப்பித் துரு நோய் இருபதாண்டு அளவிற் கோப்பித் தொழிலை அழித்தது; கோப்பியை நம்பித் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் வேலையிழந்தனர். 1880 முதல் 1882 வரை இங்கு ஆய்வு செய்த மார்ஷல் வார்ட், ஒரே பயிரை இடைவெளியின்றிப் பரப்பியதே நோய்க்கு வழிவகுத்தது என விளக்கினார். அக்கோப்பியோ தன்மகரந்தச் சேர்க்கையாற் பெருகி, வேறுபாடு மிகக் குன்றிய பயிர். 1946 இல் தேயிலையிற் கொப்புள நோய் தோன்றியது. இளந்தளிரையே, அதாவது நாம் பறிக்கும் பகுதியையே, அது தாக்குவது. செப்புக் கலவைகளைத் தெளித்து அதனைக் கட்டுப்படுத்தினர்.

இன்று கருதற்குரியது யாதெனின், டீ.ஆர்.ஐ. 2000 வரிசை முளைவகைகள் பல ஏ.எஸ்.எம். 4/10 என்னும் ஒரே தாய்ச்செடியின் வழிவந்தவை. பெயர்கள் பலவாயினும் அடித்தளம் குறுகியது.

முடிவுரை

இழையுருப்பிரிவு உள்ளதைக் காக்கின்றது. ஒடுக்கற்பிரிவு இல்லாததைத் தருகின்றது. பயிர்த்தொழிலுக்கு இரண்டும் வேண்டும். பழைய விதைத் தேயிலையை அகற்றிப் புதுக்கன்று நடும்போது, வறட்சியைத் தாங்கிய செடியும் நோய்க்கு இடங்கொடாத செடியும் அவற்றோடு வேரறுகின்றன. முளைவகையொன்றின் முதற்செடியும் ஒரு காலத்தில் விதையிலிருந்து எழுந்ததே. ஆகையால் அகற்றுமுன் அத்தகைய செடிகளைத் தெரிந்து, துண்டெடுத்துப் பேணல் வேண்டும். எந்தச் செடி கோடையிலும் துளிர்க்கும் என்பதை நாடோறும் கொழுந்து பறிக்கும் பெண்கள் அறிவர். அவ்வறிவுக்குக் கலமும் நிறமூர்த்தமும் கொண்டு காரணங் காட்டக் கற்றுக்கொள்வாராயின், அவர்தம் பிள்ளைகள் படிக்கும் பாடம் பரீட்சையோடு முடிந்துவிடாது.